தண்டவாளம் யாருக்கு? சாம்பியாவிலிருந்து சீன - ஆப்பிரிக்க உறவைப் பார்த்தல்



தலித் இலக்கிய மேடையில், அதுவும் ஒரு நினைவுச் சொற்பொழிவில், சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்குமான உறவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காரணத்தோடுதான் இதை எடுத்துக்கொண்டோம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், அரசியலில் சமத்துவம், சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போகிறது என்று எச்சரித்தார். அந்த அளவுகோலை வைத்துத்தான் இந்திய அரசை நாம் இன்றுவரை அளந்து வருகிறோம். நாடுகளுக்கு இடையிலான உறவுகளையும் அதே கோலால் அளக்கலாம். இரண்டு அரசுகள் சமமான நண்பர்கள் என்று கையெழுத்திடும்போது, அந்தச் சமத்துவத்தில் எவ்வளவு சுரங்கத்துக்குள் இறங்குபவருக்கும் ஆற்றங்கரையில் மக்காச்சோளம் விதைப்பவருக்கும் போய்ச் சேர்கிறது? இதுதான் நம் கேள்வி.

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. அவற்றை ஒரே நாடு போலப் பேசுவது, நம் குடியிருப்புகள் எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் 'காலனி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவதைப் போன்றது. அதனால் சாம்பியா என்ற ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சீன - ஆப்பிரிக்க உறவின் மிக உயர்ந்த பக்கமும் மிகக் கசப்பான பக்கமும் அந்த ஒரு நாட்டிலேயே கிடைக்கின்றன.

1. விடுதலை ரயில்

சாம்பியா 1964 அக்டோபரில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் செல்வம் செம்பு. ஆனால் அந்நாட்டுக்குக் கடற்கரை இல்லை. செம்பு துறைமுகம் போய்ச் சேர, வெள்ளையர் ஆண்ட தெற்கு ரொடீசியா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. 1965இல் அங்கிருந்த வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு அதிகாரம் கொடுக்க மறுத்துத் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. விடுதலை பெற்ற நாட்டின் கழுத்து நிறவெறி அரசின் கையில் சிக்கியிருந்தது.

கிழக்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஒரு ரயில் பாதை வேண்டுமென்று சாம்பியாவின் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேவும் முயன்றனர். உலக வங்கியும் மேற்கு நாடுகளும் அதில் லாபம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டன. 1967இல் சீனா ஒப்புக்கொண்டது. 98.8 கோடி யுவான் கடன், வட்டி கிடையாது, 30 ஆண்டுகளில் திருப்பித் தரலாம். 1970இல் வேலை தொடங்கி, 1975இல் 1,860 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு முடிக்கப்பட்டது. அன்றைய சீனா தானே ஏழை நாடு. பல்லாயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களோடு சேர்ந்து மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள். 60க்கும் மேற்பட்ட சீனர்கள் அந்த வேலையில் உயிரிழந்தார்கள். டசாரா என்று பெயர் பெற்ற அந்தப் பாதையை மக்கள் 'உகுரு' ரயில் என்றார்கள். உகுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை.

இதைத் தர்மமாகப் பார்க்க வேண்டியதில்லை. 1971 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் சீனாவின் இடம் பீஜிங் அரசுக்கே உரியது என்ற தீர்மானம் நிறைவேறியபோது, ஆதரித்து விழுந்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. ஒருவர் பாதை கொடுத்தார், இன்னொருவர் இருக்கை வாங்கித் தந்தார். இரு தரப்புக்கும் தேவை இருந்தது, இரு தரப்பும் பெற்றன. உலகமே கைவிட்ட இரண்டு நாடுகளோடு மூன்றாவது ஒரு ஏழை நாடு நின்றது என்ற வரலாற்றை நாம் மதிப்போடுதான் பதிவு செய்ய வேண்டும்.

2. நண்பர் முதலாளி ஆனபோது

எழுபதுகளின் நடுவில் செம்பு விலை சரிந்தது. சாம்பியா கடன் வாங்கியது. கடனோடு பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளும் வந்தன. அரசுடைமையாக இருந்த சுரங்கங்கள் தொண்ணூறுகளின் இறுதியில் விற்கப்பட்டன. மூடிக் கிடந்த சம்பிஷி சுரங்கத்தை 1998இல் சீன அரசு நிறுவனம் ஒன்று வாங்கியது. முன்பு பாதை போட வந்த நாடு இப்போது சுரங்க முதலாளியாக வந்தது.

2005 ஏப்ரலில் சம்பிஷியில் சீன நிறுவனத்தின் வெடிமருந்து ஆலை வெடித்து ஏறத்தாழ 50 சாம்பியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 அக்டோபரில் தெற்கே கொல்லம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் திரண்டவர்கள் மீது சீன மேற்பார்வையாளர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். பதினொரு பேர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டே வழக்கு கைவிடப்பட்டது. சொந்த நாட்டில் வேலை செய்யும் இடத்தில் சுடப்பட்டவருக்குச் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் தீர்ப்புகூடக் கிடைக்கவில்லை. இரண்டு அரசுகளின் நட்பு கெட்டுவிடக் கூடாது என்ற கவலையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஆனால் படம் இத்தோடு முடிவதில்லை. சாம்பியச் சுரங்கங்களில் பல ஆண்டுகள் களஆய்வு செய்த சமூகவியலாளர் சிங் குவான் லீ, 2017இல் வெளிவந்த தம் நூலில் ஒரு முக்கியமான ஒப்பீட்டைச் செய்கிறார். சீன அரசு நிறுவனம் குறைந்த கூலி கொடுத்தது, ஆனால் வேலையை நிலையாக வைத்திருந்தது. பன்னாட்டுத் தனியார் நிறுவனங்கள் கூடுதல் கூலி கொடுத்தன, 2008இல் செம்பு விலை விழுந்ததும் ஆட்களை வெளியே தள்ளின. அப்போது தனியார் முதலாளிகள் கைவிட்டுப் போன லுவான்ஷியா சுரங்கத்தை எடுத்து நடத்தியது சீன நிறுவனம்தான். தொழிலாளிக்குக் கிடைத்த தேர்வு இவ்வளவுதான்: நிலையான குறைந்த கூலியா, நிலையற்ற கூடுதல் கூலியா? பண்ணையாளா, தினக்கூலியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லப்பட்ட நம் முன்னோருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மேற்கத்திய ஊடகங்கள் சீனாவை மட்டும் அரக்கனாகக் காட்டும்போது இந்த ஒப்பீட்டை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

3. கடன் பத்திரமும் மூடிய ஒப்பந்தமும்

2000ஆம் ஆண்டில் பீஜிங்கில் சீன - ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மாமன்றம் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது கூடுகிறது. 2015இலும் 2018இலும் தலா 6,000 கோடி டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. சாலை, விமான நிலையம், நீர்மின் நிலையம் என்று சாம்பியாவும் கடன் வாங்கியது. அதே காலத்தில், 2012 முதல் 2015 வரை, மேற்கத்திய முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரங்கள் விற்று 300 கோடி டாலர் திரட்டியது. 'சீனக் கடன் பொறி' என்று பேசுவோர் இந்த இரண்டாவது கடனைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

2020 நவம்பரில் சாம்பியா தவணை தவறியது. பெருந்தொற்றுக் காலத்தில் கடனைக் கட்ட முடியாமல் போன முதல் ஆப்பிரிக்க நாடு அதுதான். அன்று கட்ட வேண்டியிருந்த வட்டி 4.25 கோடி டாலர். கடன் பத்திரக்காரர்களிடம் அவகாசம் கேட்டபோது அவர்கள் மறுத்தார்கள். சீன வங்கிகளுக்கு எவ்வளவு பாக்கி, என்ன நிபந்தனை என்று தெரியாமல் நாங்கள் எப்படி விட்டுக்கொடுப்பது என்பது அவர்கள் வாதம். சாம்பியாவால் அதைத் திறந்து காட்ட முடியவில்லை, ஏனென்றால் ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு விதி இருந்தது. 24 நாடுகளுடன் சீனா செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களைப் படித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, 2014க்குப் பின் வந்த ஒப்பந்தங்கள் அனைத்திலும் இந்த விதி இருப்பதைக் காட்டியது.

அரசுக் கடன்காரர்களுடன் உடன்பாடு எட்ட 2023 ஜூன் ஆகிவிட்டது. 630 கோடி டாலர் கடன் மறுசீரமைக்கப்பட்டது. அதில் 400 கோடிக்கு மேல் சீன எக்சிம் வங்கியுடையது. இடையில் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டது. கடன் பேச்சுவார்த்தையின் மேசையில் சீனா இருந்தது, பாரிஸ் இருந்தது, நிதியம் இருந்தது. கடனைக் கடைசியில் கட்டப்போகிறவர் அங்கே இல்லை. தன் பெயரில் எழுதப்பட்ட கடன் பத்திரத்தைத் தான் படிக்க முடியாத நிலை, கந்துவட்டிக்காரரிடம் கைநாட்டு வைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த நிலைதான். இங்கே கைநாட்டு வைத்தது ஒரு நாடு.

4. ஆறு

2025 பிப்ரவரி 18 அன்று சம்பிஷி அருகே சீன அரசு நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த செம்பு நிறுவனம் ஒன்றின் கழிவுத் தேக்க அணை உடைந்தது. சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடைக்குள் பாய்ந்து காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கரையோர வயல்கள் கருகின, கிட்வே நகருக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. சாம்பிய மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வது காஃபுவே ஆற்றுப் படுகையில்தான்.

இதே ஆற்றுப் படுகையில் இன்னொரு கதை இருக்கிறது. அதில் முதலாளி சீனர் இல்லை. சிங்கோலாவின் கொங்கோலா செம்புச் சுரங்கங்களை 2004இல் வாங்கியது வேதாந்தா. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட போராட்டம் எந்த ஆலைக்கு எதிராக நடந்ததோ, அந்த ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனம். தங்கள் ஓடையும் நிலமும் நஞ்சானதென்று 1,826 சாம்பியக் கிராமத்தினர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். தாய் நிறுவனத்தின் மீதான அந்த வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் நிறுவனம் பொறுப்பை ஏற்காமலேயே சமரசத்துக்கு வந்தது.

காஃபுவே ஆற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு இதுதான். சீனாவை விமர்சித்துவிட்டு இந்தியா வேறு மாதிரி என்று எழுந்து போக நமக்கு வழியில்லை. முதலாளியின் நிறமும் நாடும் மாறுகின்றன, கழிவு இறங்கும் இடம் மாறுவதில்லை.

5. வாடகை வீடு

2020 ஏப்ரலில், கொரோனா அச்சத்தின்போது, சீனாவின் குவாங்சௌ நகரில் ஆப்பிரிக்க வணிகர்களும் மாணவர்களும் வாடகை வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். நோய் இல்லாதவர்களும் தெருவில் படுத்தார்கள். ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு வைக்கப்பட்டது. பிறகு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கத் தூதர்கள் சேர்ந்து சீன வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். மாநாட்டு மண்டபத்தில் சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்ட மக்களுக்கு, அதே நாட்டின் தெருவில் ஒரு வாடகை வீடு நிற்கவில்லை. "என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குப் பிறகு கதவு மூடப்படுவதை அனுபவித்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொருளாதார ஒப்பந்தம் சுயமரியாதைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

6. நாம் கேட்க வேண்டியவை

டசாரா பாதை பல ஆண்டுகளாக நலிந்து, போதிய எஞ்சின் இல்லாமல் கிடந்தது. 2024 செப்டம்பரில் பீஜிங்கில் அதைப் புதுப்பிக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025இல் 140 கோடி டாலர் மதிப்பில், 30 ஆண்டுகளுக்கு, சீன நிறுவனம் ஒன்றிடம் பாதை ஒப்படைக்கப்பட்டது. பழைய பாதையைப் போட்ட சீன ரயில்வே அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவிப் பிரிவிலிருந்து உருவான நிறுவனம் அது. மேற்கே, அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பணம் போடுகின்றன. ஒரே செம்பை இரண்டு பக்கமும் இழுக்கும் இரண்டு தண்டவாளங்கள். வட்டியில்லாக் கடனில் பிறந்த விடுதலை ரயில், லாபக் கணக்கில் மறுபிறவி எடுக்கிறது.

இரண்டு வல்லரசுகள் போட்டியிடும்போது பேரம் பேசும் வலிமை சாம்பியாவுக்குக் கூடுகிறது. இது உண்மையான வாய்ப்பு. அந்த வாய்ப்பு யாருடைய கைக்குப் போகும் என்பதை மூன்று கேள்விகளால் அளக்கலாம். ஒப்பந்தம் மக்கள் படிக்கும்படி வெளியிடப்பட்டதா? சுரங்கத்திலும் பாதையிலும் வேலை செய்பவரின் சங்கத்துக்கு அதில் குரல் உண்டா? கழிவு கசிந்தால், நிலத்தை இழந்தவர் எந்த நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எழுதப்பட்டிருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், கையெழுத்திட்டது பீஜிங்கோ வாஷிங்டனோ டெல்லியோ, அந்தக் கூட்டுறவு மேல்மட்டத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறது, அங்கே நிலமும் சுரங்கமும் எடுக்கிறது. அந்த ஒப்பந்தங்களின் மீதும் இந்த மூன்று கேள்விகளையும் வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. சிங்கோலா கிராமத்தினர் லண்டன் வரை போனார்கள், நாம் டெல்லி வரையாவது போகலாம்.