அமீனா கதவில் ஒட்டிச் செல்லும் தாள்

கோர்ட் அமீனா அழைப்பாணையோடு வாசலில் நிற்கிறார். "எனக்கு வேண்டாம், வாங்க மாட்டேன்" என்று வீட்டுக்காரர் உள்ளே போய்விடுகிறார். அமீனா ஒரு நகலைக் கதவில் ஒட்டுகிறார். எப்போது, யார் முன்னிலையில் ஒட்டினார் என்று எழுதிக் கோர்ட்டில் கொடுக்கிறார். அழைப்பாணை 'சார்வு' ஆகிவிட்டது, அதாவது உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாங்க மறுத்ததால் வழக்கு நிற்காது.

அந்தத் தாளில் 'பிரதிவாதி' என்று தன் பெயரைப் பார்த்ததும் பலருக்குக் கை நடுங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பிரதிவாதி குற்றவாளி அல்ல. வழக்குப் போட்டவர் வாதி, யார்மேல் போட்டாரோ அவர் பிரதிவாதி, அவ்வளவுதான். வாதியின் மனு வழக்குரை; பழையவர்கள் பிராது என்பார்கள். அதற்குப் பிரதிவாதி தரும் பதில் எதிருரை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி அதை 30 நாளில் தாக்கல் செய்யவேண்டும். தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை நீதிமன்றம் அவகாசம் தரலாம்.

பயப்படவேண்டிய சொல் வேறு: எக்ஸ்பார்ட்டி. அழைத்தும் வராதவரை விட்டுவிட்டு, வாதி தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு அது. நியாயம் தன் பக்கம் இருந்தும் வீட்டை இழந்தவர்கள் இதில் உண்டு. அந்தத் தீர்ப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அழைப்பாணை முறையாகச் சார்வாகவே இல்லையென்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

'ஸ்டே வாங்கிட்டேன்' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஸ்டே அல்ல, உறுத்துக்கட்டளை. வேலி போடாதே, இடிக்காதே என்று ஒருவரைத் தடுப்பது அது. மீறினால் சொத்து ஜப்தியாகலாம், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையும் உண்டு.

தீர்ப்பில் இருப்பது நீதிபதி சொல்லும் காரணங்கள். அதன் முடிவை முறைப்படி வரைந்து தருவது தீர்ப்பாணை. பாகப்பிரிவினையில் அதுவும் இரண்டு. யாருக்கு எத்தனை பங்கு என்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. வழக்கறிஞர் ஆணையர் இடத்தை அளந்து அறிக்கை கொடுத்தபின், எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்வது இறுதித் தீர்ப்பாணை. முதலாவதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, வழக்கு முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. இறுதித் தீர்ப்பாணை வந்தபின்னும் எதிர்த்தரப்பு இடத்தை விடாவிட்டால் நிறைவேற்று மனு போடவேண்டும். கெடு 12 ஆண்டு.

வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். அதில் போட்டிருக்கும் வாய்தா தேதிக்கு முன்பே போங்கள்.