ஒரு படகின் கணக்கு

மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊரில் கடலுக்குப் போகாதவர்களுக்கும் கடல்தான் சோறு போடுகிறது என்பார்கள். எப்படி என்று கேட்டால், நாகப்பட்டினத்தில் கரைக்கு வரும் ஒரு விசைப்படகின் கணக்கைப் பார்த்தால் போதும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மீன் விற்ற காசில் முதலில் கழிவது டீசல், ஐஸ், ஆட்களுக்கான சாப்பாட்டுச் சாமான். மிச்சத்தைத்தான் பங்கு போடுவார்கள். படகும் வலையும் முதலாளியுடையது என்பதால் அவருக்குப் பெரும்பங்கு, மீதி ஆட்களுக்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும். மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. மீன்பாடு இல்லாத நாளில் ஆட்களுக்குக் கை வெறுமை, முதலாளிக்கு டீசல் கடன். முதலாளி என்றதும் கோடீஸ்வரர் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். பிடித்த மீன் அந்த வியாபாரிக்கே போக வேண்டும். விலை பேச வாய் எழாது.

படகு அணைந்ததும் ஏலக்கூடத்தைப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் குவியல் குவியலாக சங்கரா, கணவாய், இறால். ஏலக்காரர் கூவும் வேகத்தில் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் பிடிபடாது. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குவியலை எடுத்து, அங்கேயே பிரித்து, அன்னக்கூடையில் ஐஸைப் போட்டு மூடி பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்த் தெருக்களுக்கு மீன் வருவது அவர்கள் தலைச்சுமையில்தான். ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், கூடத்தின் வாசலில் இட்லிக்கடை போட்டவர் எல்லாருக்கும் அந்த விடிகாலைதான் வியாபாரம். ஊர்ப் பஞ்சாயத்து வாங்கும் தலைக்கட்டு வரியும், அதில் நடக்கும் கோயில் திருவிழாவும்கூட மீன்காசுதான்.

இந்தப் பின்னல் தடைக்காலத்தில்தான் பளிச்சென்று தெரியும். மீன்வளம் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் நீண்டது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அவை கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு யானை விலை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதால் தச்சருக்கும் பெயிண்டருக்கும் அப்போதுதான் கைநிறைய வேலை. ஆனால் ஐஸ் கம்பெனி ஓயும், பெட்டி தூக்குபவர் வேறு கூலி தேடிப் போவார், இட்லிக்கடையில் ஈயாடும்.

தடை சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். படகில் ஏறாமலே படகை நம்பிப் பிழைக்கும் ஐஸ்காரரையும் சுமைக்காரரையும் நிவாரணப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.