குட்டி யானை மேலே ஒரு குதிரை!

வாரம் பூரா ஆபீஸில் கம்ப்யூட்டரை முறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மண் மேட்டில் பைக்கோடு எகிறிக் குதிக்கிற இளைஞர் கூட்டம் ஒன்று இருக்கிறது. இவர்கள் வைத்திருக்கும் மோட்டோகிராஸ் பைக்குக்கு ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. “ஏம்ப்பா, மைதானம் வரைக்கும் ஓட்டிட்டே போயேன்!” என்று மாமாக்கள் யோசனை சொல்வார்கள். முடியாது மாமா! 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. ஆக, குதிரை பல்லக்கில்தான் போயாக வேண்டும்.

பல்லக்கு என்றால் பெரும்பாலும் 2005-ல் வந்த டாடா ஏஸ். நம்ம ஊர் பாஷையில் ‘குட்டி யானை’. இல்லையென்றால் பொலேரோ பிக்கப்.

பைக்கை ஏற்றுவது பெரிய விஷயமில்லை. நீளமான பலகை, கூட ரெண்டு ஆள், போதும். கட்டுகிற இடத்தில்தான் கூத்து ஆரம்பிக்கும். நைலான் கயிற்றை ஹேண்டில்பாரில் தொடங்கி, சீட்டு, சைலன்ஸர் என்று தீபாவளி பட்சணப் பொட்டலம் மாதிரி சுற்றி, ஏழெட்டு முடிச்சு போடுவார்கள். டிரைவர், “சூப்பரா இருக்கு சார், போலாமா?” என்பார். அப்புறமும் மனசு கேட்காது. “டேய் தம்பி, எதுக்கும் நீ பின்னாடி ஏறிப் பிடிச்சுக்கோ!”

அந்தத் தம்பியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

பைக் சுமார் 110 கிலோ. நாய் குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தால், அதில் பாதி எடைக்குச் சமமான விசை, அதாவது 55 கிலோ, முன்பக்கம் தள்ளும். கேபினில் முதுகைச் சாய்த்து, முன் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி மேல் அரிசி மூட்டையை எறிந்த மாதிரி! வளைவில் சாய்ந்தால் அவர் கால் மேல்தான் விழும். சரக்கு வண்டியின் பின்னால் ஆளை ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. ஒழுங்காகக் கட்டின பைக்கைப் பிடிக்க ஆளே வேண்டாம். ஆள் தேவைப்படுகிறது என்றால், கட்டவில்லை என்று அர்த்தம்.

இறுக்கிக் கட்டின கயிறு ஏன் தளர்கிறது? முடிச்சைத் திட்டாதீர்கள். பைக் நிற்பது ஸ்பிரிங் மேலே. லோடு வண்டி பள்ளத்தில் ‘தடால்’ என்று இறங்கினதும் முன் ஃபோர்க் அமுங்கும்; ஹேண்டில்பார் கீழே போகும்; அந்த ஒரு விநாடி கயிறு தொளதொளக்கும். கொக்கி கழன்று விழ அது போதும். போதாக்குறைக்கு நைலானுக்கு நீளுகிற குணம் வேறு. பாலியெஸ்டர் பெல்ட் அவ்வளவாக நீளாது.

ஆகவே சூட்சுமம் இதுதான்: ஃபோர்க்கை முதலிலேயே அமுக்கி வைத்துக் கட்ட வேண்டும். அப்போது ஸ்பிரிங் எப்போதும் மேலே உந்திக்கொண்டே இருக்கும், பெல்ட் தானாக விறைப்பாக நிற்கும். முன் சக்கரம் கேபினை ஒட்டிய தகட்டில் நன்றாக முட்டட்டும். ஏஸின் தொட்டியும் ஏறக்குறைய 7 அடி, பைக்கும் ஏறக்குறைய 7 அடி. அதனால் மூலையைப் பார்த்துக் குறுக்காக நிறுத்தினால்தான் பின்கதவு மூடும். பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை.

முன்னால் ரெண்டு பெல்ட். ஹேண்டில்பாரின் நுனியில் மாட்டினால் கிளட்ச் லீவரும் கேபிளும் காலி. நடுவில், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குக் கிட்டே துணி வளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டுங்கள். அங்கிருந்து பெல்ட் முன்பக்கமாக, வெளிப்பக்கமாக, கீழே இறங்க வேண்டும். ஒருவர் ஹேண்டில்பாரை அமுக்க, இன்னொருவர் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுக்கலாம். மோட்டோகிராஸ் ஃபோர்க் சுமார் 12 அங்குலம் ஆடும். அதில் பாதி அமுங்கினால் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அடிவரை நசுக்குகிற பீமசேனர்கள் உண்டு. ஆயில் சீலுக்கு அது நல்லதில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் பீமசேனரும் அடங்குவார். ராட்செட் பெல்ட்டில் ‘கிர்ர் கிர்ர்’ என்று இறுக்குவது ஜாலிதான். ஆனால் கையால் இழுத்துப் பூட்டுகிற பக்கிள் பெல்ட்டுக்குத்தான் என் ஓட்டு. நம் கை பலத்துக்கு மேல் அது நசுக்காது.

பின்னால் இன்னும் ரெண்டு பெல்ட், வால் ஆடாமல் இருக்க. தொட்டியின் விளிம்பு பெல்ட்டை அறுக்கிற இடத்தில் பழைய ஜீன்ஸ் துணி. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். சைடு ஸ்டாண்டு இருந்தால் மடக்கி விடுங்கள்! ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலும் அந்த ஒற்றைக் கால் மேலேதான் இறங்கும்.

மாற்றலாகி ஸ்பிளெண்டரோடு ஊர் மாறுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அந்த ஃபோர்க் கொஞ்சமாகத்தான் ஆடும் என்பதால் ரெண்டு அங்குலம் அமுக்கினாலே தாராளம்.

கிண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கிளம்பினால் தாம்பரத்திலேயே ஓரங்கட்டி ஒரு தடவை பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்தான் எல்லாம் தன் இடத்தில் உட்காரும். அப்புறம் டீ குடிக்கிற இடத்திலெல்லாம் ஒரு தடவை. டிரைவர், “அதெல்லாம் அசையாது சார்” என்று சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும். பின்னாலேயே ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்துகொண்டிருக்கிறாரே!

இறக்கும்போது முதலில் பின் பெல்ட்டுகள். பைக்கை ரெண்டு பக்கமும் ஆள் பிடித்த பிறகுதான் முன் பெல்ட்டில் கை வைக்க வேண்டும். ஒரு பக்கத்தைப் பட்டென்று அவிழ்த்தால், அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி, பைக் மற்றப் பக்கம் சாயும். அங்கே நிற்பவர் பெரும்பாலும் செல்போனில்தான் இருப்பார்.