ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு உலகம்! குட்டி லேப்டாப் பற்றி காயலர்களே, இதெல்லாம் தெரியுமா?

துபாய்க்கும் ஹாங்காங்குக்கும் கொழும்புக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஊர் காயல்பட்டினம். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. பழைய லேப்டாப்பும் அதன் சார்ஜரும் மட்டுமே அதில் 3 கிலோவை விழுங்கிவிடும்! கடைக் கணக்கும் பார்க்கணும், ராத்திரி படமும் பார்க்கணும், தோளும் வலிக்கக் கூடாது, காசும் கடிக்கக் கூடாது. அப்படி ஒரு குட்டி லேப்டாப் வாங்கப் புறப்படுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்!

11 கிலோ கணினியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், தெரியுமா?

1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினியை, எங்கும் எடுத்துப் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ! திரையோ வெறும் 5 அங்குலம். உள்ளே பேட்டரியே கிடையாது; போகிற இடத்தில் பிளக் தேட வேண்டும். விலை 1,795 டாலர். இன்று? ஜப்பானின் ஃபுஜிட்சு 13.3 அங்குலத் திரையோடு 634 கிராமில் ஒரு லேப்டாப்பைச் செய்து காட்டிவிட்டது! ஆனால் அவ்வளவு மெலிவுக்கு விலை எகிறும். நம் பட்ஜெட்டுக்கு 1.2 முதல் 1.4 கிலோ கிடைத்தாலே யோகம்.

குட்டி லேப்டாப் மோகத்தைத் தொடங்கி வைத்தது எது தெரியுமா?

தைவானின் ஏசஸ் நிறுவனம் 2007இல் விட்ட ஈ பிசி 701! 7 அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, 512 எம்பி ரேம், வெறும் 4 ஜிபி சேமிப்பு. உள்ளே ஓடியது இலவச லினக்ஸ். ‘இதில் என்ன செய்ய முடியும்’ என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் ‘நெட்புக்’ என்று குட்டிக் கணினிகளை இறக்கின. நம் நாட்டில் 2023இல் வந்த ஜியோபுக்கும் அந்த வம்சம்தான்: 11.6 அங்குலம், 990 கிராம், சிம் கார்டு போட்டால் 4ஜி இணையம், அறிமுக விலை 16,499 ரூபாய்! ஆனால் அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, ஜியோவின் சொந்த இயங்குதளம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘4 ஜிபி ரேம் போதும்’ என்பதை நம்பலாமா?

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அந்த அளவில் வண்டி கிளம்பும், நகராது! சரியான அளவுகோல் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் அரசிடமே! 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போயின. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தொடங்கிய புதிய திட்டத்தில் அரசு கேட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. லட்சக்கணக்கில் வாங்குகிற அரசே அதற்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஒன்றே ஒன்று வாங்குகிற நாம் ஏன் இறங்க வேண்டும்? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது!

உப்புக்காற்று லேப்டாப்புக்குள் என்ன செய்கிறது தெரியுமா?

இதுதான் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது! ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறுமுகநேரி உப்பளங்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்புத் துகள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். உப்புநீரோ மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். லேப்டாப்பின் மின்விசிறி வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற ஒவ்வொரு முறையும் அந்தத் துகளும் கூடவே போய் உட்காருகிறது! ஆகவே கடற்கரை ஊருக்கு மின்விசிறியே இல்லாத லேப்டாப் ஒரு வரம். கடற்கரையில் திறந்து வைத்து வேலை பார்க்க வேண்டாம். பயன்படுத்தாத நேரத்தில் மூடி, பைக்குள் வையுங்கள்.

6 வாட் சிப் இன்டெல்லின் பழைய ‘ஐ5’ஐ மண்ணைக் கவ்வ வைக்கும், தெரியுமா?

இன்டெல் 2023இல் விட்ட என்100 சிப்பில் நான்கு கோர்கள். மின்தேவைக் கணக்கு வெறும் 6 வாட்! இவ்வளவு குறைந்த சூட்டில் இயங்குவதால் மின்விசிறி இல்லாமலே லேப்டாப் செய்ய முடிகிறது. இன்னொரு ஆச்சரியம்: யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தை விரிக்க இந்தச் சிப்பிலேயே தனிச்சுற்று உண்டு. ஏழாம் தலைமுறை ஐ5இல் அது கிடையாது! வேர்டு, எக்செல், பில், வீடியோ கால், படம் எல்லாவற்றுக்கும் இது தாராளம். பெரிய விளையாட்டுகளுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் மட்டும் இதை நம்ப வேண்டாம்.

‘ஐ5’ என்ற எழுத்து மட்டும் பார்த்து ஏமாறுகிறோம், தெரியுமா?

அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களில் அருமையானவை உண்டு; உறுதியான உடல், நல்ல கீபோர்டு, பாதி விலை! ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். சிப் எண்ணைக் கேளுங்கள். ஐ5 8250 என்றால் எட்டாம் தலைமுறை, சரி. 6200 என்றால் ஆறாம் தலைமுறை, வைத்துவிட்டு வாருங்கள்!

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம், தெரியுமா?

பேட்டரியில் ‘வாட் ஹவர்’ என்று ஓர் எண் இருக்கும். அதை லேப்டாப் சராசரியாகக் குடிக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். 45 வாட் ஹவர் பேட்டரி, 6 வாட் செலவு என்றால் ஏழரை மணி நேரம்! விமானத்தில் முன் அனுமதியின்றி 100 வாட் ஹவர் வரைதான் கொண்டுபோகலாம். குட்டி லேப்டாப்கள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ரயிலில் வேறு கதை! பெட்டிகளின் சார்ஜிங் பிளக்குகளில் பெரும்பாலும் 110 வோல்ட்தான் வருகிறது. லேப்டாப் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ஆனால் இரவு 11 முதல் காலை 5 வரை அந்தப் பிளக்குகளை ரயில்வே அணைத்துவிடும். செந்தூர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் ஏறுமுன் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சபரிலிருந்து வருகிறவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம், தெரியுமா?

18 வயது நிறைந்த பயணி ஒருவருக்கு ஒரு புதிய லேப்டாப், சுங்கவரி கிடையாது! கப்பல், விமான ஊழியர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் வரும் தடித்த மூன்று முள் பிளக் நம் சுவரில் நுழையாது. வளைகுடா லேப்டாப்கள் பலவற்றின் விசைகளில் அரபி எழுத்தும் அச்சாகியிருக்கும். மதரஸாக்கள் நிறைந்த நம் ஊரில் அது லாபம்தானே! தமிழுக்கும் குறையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு!

இங்கேயே வாங்கினால் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். பதிவு பெற்ற வியாபாரிகள் கடையின் பெயரில் பில் வாங்கினால் அந்த வரியைக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். வாங்கப் போகும் லேப்டாப் நம் பக்கத்திலேயே உருவானதாகவும் இருக்கலாம்: லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை, எச்பிக்கு ஸ்ரீபெரும்புதூரில் தயாரிப்பு!

சரி, எதை வாங்குவது?

முத்தை எடை, உருட்சி, ஒளி மூன்றும் சேர்த்து விலை பேசிய கரை இது. லேப்டாப்பையும் ஒரே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். 13 அல்லது 14 அங்குலம், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 45 வாட் ஹவருக்குக் குறையாத பேட்டரி, போன் சார்ஜர் மாதிரியே சி டைப்பில் சார்ஜ் ஆகும் வசதி. இவ்வளவு இருந்தால் வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் அது போதும். இதற்கு மேல் கடைக்காரர் காட்டும் மினுமினுப்பெல்லாம் வீண் செலவு. கடைசியாக ஒன்று: சார்ஜரையும் சேர்த்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டினால், தயங்காமல் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்!