ஒரே பெயர், வேறு வாட்

கேம் விளையாட ஒரு கருவி வாங்கக் கடைக்குப் போகிறவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "லாக் ஆகாதுல்ல?" என்பது ஒன்று. "சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்பது மற்றொன்று. விற்பவர் இரண்டுக்கும் ஒரே மூச்சில் நல்ல பதில் சொல்லிவிடுவார். இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் தின்னும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். கையில் எடுத்துப்போகும் வசதி கூடினால் ஓட்டத்தின் சீர் குறையும். ஓட்டம் கூடினால் எடை, சூடு, சத்தம், விலை எல்லாம் ஏறும். ஐம்பதாயிரமோ ஒன்றரை லட்சமோ எண்ணி வைக்கும் முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

விளையாட்டில் திரையில் ஓடுவது ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் படங்கள். நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொன்றையும் வரைய 33.3 மில்லிநொடி கிடைக்கும். 60 என்றால் 16.7, 120 என்றால் 8.3. சினிமா 24 படத்திலேயே நன்றாகத்தானே ஓடுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. சினிமா பார்க்கும்போது நாம் பொத்தான் எதையும் அழுத்துவதில்லையே. விளையாட்டில் விரல் அசைந்ததும் திரை அசைய வேண்டும். அங்கே விழும் தாமதம் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் உறைக்கும். அதைவிட எரிச்சலானது, சராசரி 60 என்று காட்டிக்கொண்டே நடுநடுவே தடுக்கி விழும் ஓட்டம். சீராக ஓடும் 40, துள்ளி விழும் 60-ஐவிட மேல் என்பது என் கட்சி.

படத்தை வேகமாக வரைய மின்சாரம் வேண்டும். செலவாகும் மின்சாரம் கடைசியில் சூடாக மாறும். அந்தச் சூடு வெளியேற இடம் வேண்டும். கதை இவ்வளவுதான். வால்வ் நிறுவனம் 2022-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியின் சிப் 4 முதல் 15 வாட்டில் இயங்குவது; முதல் மாடலின் பேட்டரி 40 வாட்-மணி. திரை, விசிறி எல்லாம் சேர்த்துக் கருவி 20 வாட் இழுத்தால் இரண்டே மணி நேரம்தான் என்பது வாய்க்கணக்கு. மேசைக் கணினியில் போடும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு மட்டும் 450 வாட் வரை வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேச முடியாது.

கையடக்கக் கருவியான நின்டெண்டோ ஸ்விட்ச் இதற்கு இன்னொரு பாடம். 2017-இல் வந்த முதல் ஸ்விட்சுக்கு நிறுவனமே சொன்ன பேட்டரி நேரம் 2.5 முதல் 6.5 மணி. எட்டு ஆண்டு கழித்து, 2025 ஜூனில், பெரிய பேட்டரியும் 120 ஹெர்ட்ஸ் திரையுமாக ஸ்விட்ச் 2 வந்தது. அதற்குச் சொன்ன நேரம் ஏறத்தாழ 2 முதல் 6.5 மணி. எட்டு ஆண்டு முன்னேற்றம் முழுவதையும் படத்தின் தரமும் வேகமும் வாங்கிக்கொண்டன. பேட்டரி நேரத்துக்கு எதுவும் மிஞ்சவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 120 ஹெர்ட்ஸ் என்பது திரையின் திறன்தான். உள்ளே இருக்கும் சிப் 30 படம் வரைந்து தந்தால் நீங்கள் பார்ப்பது 30-தான். விளம்பரத்தில் இந்த எண் மட்டும் பெரிய எழுத்தில் வருவதற்குக் காரணம் உண்டு.

உண்மையான வில்லங்கம் லேப்டாப்பில் இருக்கிறது. மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4070 கார்டில் 5,888 கோர்கள், 12 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் அதே பெயரில் வருவதில் 4,608 கோர்கள், 8 ஜிபி. சிப்பே வேறு. பெயர் மட்டும் ஒன்று. அதோடு நிற்கவில்லை. லேப்டாப் 4070-க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம். ஒல்லியான உடம்புக்குள் 60 வாட்டில் அடைத்து வைத்த லேப்டாப்பும், தடித்த உடம்பில் 115 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் கடை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஸ்டிக்கரோடு நிற்கும். ஒல்லியானதுக்கு விலை கூடுதலாகவும் இருக்கலாம். இந்த வாட் அளவைப் பொருளின் விவரத்தில் வெளியிடுங்கள் என்று 2021-இல், இந்தச் சிப்புகளை வடிவமைக்கும் என்விடியாவே லேப்டாப் நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆனாலும் கடைகளில் விலைச்சீட்டோடு மாட்டியிருக்கும் அட்டையில் இந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எந்த கார்டு?" அல்ல; "இந்த மாடலில் கார்டுக்கு எத்தனை வாட்?" என்பதுதான். இந்த அளவை டிஜிபி (TGP) என்று சொன்னால் விவரம் தெரிந்த விற்பனையாளருக்குப் புரியும். பதில் வராவிட்டால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டும் ஒரு முறை விளையாடிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான கேமிங் லேப்டாப்கள் வேகத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். பேட்டரியையும் இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற வரம்பு இருப்பதால் லேப்டாப்கள் 99.9-இல் நின்றுவிடுகின்றன. சோதனையை ஐந்து நிமிடத்தில் முடிக்காதீர்கள். எந்தக் கருவியும் குளிர்ந்திருக்கும்போது நன்றாகத்தான் ஓடும். சூடேறி வேகம் இறங்குவது இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும்.

போனிலும் இதே கதை நடந்தது. 2022 மார்ச்சில் தென்கொரியாவில் சாம்சங் கேலக்ஸி வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். போன் சூடாகாமலிருக்க, விளையாட்டுகளின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் செயலி ஒன்றை நிறுவனம் உள்ளே வைத்திருந்தது. வேகத்தை அளக்கும் சோதனைச் செயலிகளை மட்டும் அது தொடவில்லை. அத்தகைய சோதனைச் செயலியான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்10 முதல் எஸ்22 வரையிலான மாடல்களை நீக்கியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையைப் பயனரே விலக்கிக்கொள்ள அப்டேட் கொடுத்தது. சூட்டைக் கட்டுப்படுத்தியது குற்றமல்ல, சொல்லாமல் செய்ததுதான் குற்றம் என்பதே அங்கே எழுந்த வாதம்.

நம் சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், திறன், விலை பற்றித் தெரிந்துகொள்வதை வாங்குபவரின் உரிமையாக வைத்திருக்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாட் அளவைச் சொல்லாமல் விட்டது இந்த வரையறைக்குள் வருமா என்பதை வழக்கின் விவரமே முடிவு செய்யும். ஆனால் "இது 115 வாட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு 60 வாட் பொருளைத் தந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதனால்தான் வாய்ச்சொல்லை நம்பாமல் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

எழுத்தில் வாங்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: நின்டெண்டோ கருவிகள் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. இங்கே கிடைப்பவை வேறு நாட்டுக்கென வந்து, வியாபாரிகள் இறக்கிய பொருள்கள். நிறுவனத்தின் வாரண்டி இங்கே செல்லாது. கடை வாரண்டி என்று ஒன்றைச் சொல்வார்கள். அது எத்தனை மாதம், எதற்கெல்லாம் பொருந்தும் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். "பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பில் தர மறுப்பது சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

சில நேரம் குறை கருவியில் இருக்காது, விளையாட்டில் இருக்கும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியானபோது பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டு உங்கள் கருவியில் திணறினால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் அரை மணியிலேயே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கணக்கைத் திரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி. கையடக்கக் கருவியில் 60-ஐத் துரத்தாமல் 40-இல் பூட்டுங்கள். திரையையும் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ஒரு படத்துக்கு 25 மில்லிநொடி. 30-க்கும் 60-க்கும் உரிய நேரங்களுக்குச் சரிநடுவில் இருப்பது அது. பேட்டரியும் கூடுதலாக நிற்கும். பேட்டரி உப்பித் திரையையோ மூடியையோ தூக்கினால் மட்டும் எந்தச் சரிக்கட்டலும் வேண்டாம். சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட்டுச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

புகார் செய்ய வேண்டி வந்து, கருவியை இணையக் கடையில் வாங்கியிருந்தால் அவர்களின் குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கே நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை டெல்லியில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. கடைகளில் தரும் தெர்மல் தாள் பில்லில் எழுத்து அதற்கு வெகு முன்பே மங்கிப்போகும். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.