உஷார்! கூரை மேல் மண்ணைக் கொட்டாதீர்கள்

ஐப்பசி நெருங்குகிறது. வீடியோ பார்த்துவிட்டுத் தோட்டத்தில் பள்ளம் தோண்டி, மண் மூடிய கொட்டகை போட ஆரம்பித்திருக்கிறீர்களா? மண்வெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அமெரிக்காவின் ஐடஹோவில் மைக் ஓலர் 1971-இல் வெறும் 50 டாலரில் இப்படி ஒன்றைக் கட்டினார். மரத்தூண், பலகை, பிளாஸ்டிக் ஷீட், மேலே மண். அங்கே எதிரி குளிர். இங்கே மழை, கரையான். ஆஸ்திரேலியாவின் கூபர் பெடியில் மண்ணுக்கடியில் நிம்மதியாகத் தூங்குகிறார்களே என்பீர்கள். அது பாறையைக் குடைந்த வீடு. அந்த ஊரின் ஒரு வருஷ மழையைச் சென்னை ஒரே நாளில் பார்த்திருக்கிறது.

கணக்குப் போடுங்கள். 10-க்கு 12 அடிக் கொட்டகை மேல் ஓரடி மண் போட்டால், நனைந்தபின் 6 டன்னுக்குக் குறையாது. அதைத் தாங்குவது எது? சவுக்குக் கம்பா? பந்தலுக்குச் சரி, மண்ணில் புதைத்தால் கரையானுக்கு விருந்து. வயிரம் பாய்ந்த பனை தேவலை. அதற்கும் ஈரம் ஆகாது.

கரிசல்காட்டுக்காரர்கள் இன்னும் உஷார்! கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும் அதே மண், மழையில் உப்பிச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சுவருக்குப் பின்னால் கரிசலை நிரப்பவே கூடாது. சரளை போட்டு, அடியில் தண்ணீர் வடிய துளைக் குழாய் வையுங்கள். டெல்டாவில் தோண்டவே வேண்டாம். பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிடும். நீலகிரியில் சரிவின் அடியை வெட்டிக் கட்ட நினைப்பவர்கள், 40 பேருக்கு மேல் பலிகொண்ட 2009 நவம்பர் மண்சரிவை மறக்கக் கூடாது.

உள்ளே ஜில்லென்று இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு அந்த ஊரின் வருஷச் சராசரியை ஒட்டியே இருக்கும். சென்னையில் அது சுமார் 28 டிகிரி. கடலோரப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்கி, சேமித்த விதைநெல் பூசணம் பிடிக்கும். தடித்த மண்சுவரைத் தரைக்கு மேலேயே எழுப்பி, தாழ்வாரத்தை நீட்டி ஓலை வேய்ந்தால் போதுமே! நம்மாட்கள் கட்டிய கொட்டகைதான் அது.

ஏற்கெனவே மண் ஏற்றிவிட்டீர்களா? சுவர் உப்பினாலோ, மூலையில் கலங்கல் நீர் கசிந்தாலோ, நேற்றுத் திறந்த கதவு இன்று இறுகினாலோ, உள்ளே போய் முட்டுக் கொடுக்காதீர்கள். கூரை மேலும் ஏறாதீர்கள். வாசலில் நிற்கும் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு தள்ளிப் போங்கள். கொட்டகை போனால் போகட்டும்.