சொன்னது நாலு சுவருக்குள் நிற்குமா?

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். இரவில் நடந்த சண்டை, விடிந்தால் பெரட்டுக் களத்துப் பேச்சு. இன்று நம் குடும்பங்களில் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பலகை போய்க் கல்சுவர் வந்துவிட்டது. ஆனால், "வெளியே சொன்னால் மானம் போய்விடுமே" என்ற அச்சம் மட்டும் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

அது வீண் அச்சமல்ல. குடி, கடன், கணவனின் அடி, பிள்ளையின் மனச்சோர்வு என்று ஏதோ ஒரு பாரத்தை ஒருத்தி தெரிந்தவரிடம் இறக்கி வைக்கிறாள். அவரோ, "நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று இன்னொருவர் காதில் போடுகிறார். அதன் பிறகு அவள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மூடி வைத்த புண் உள்ளேயே புரையோடுகிறது.

இதற்காகவே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, பதிவு பெறாதவர் கவுன்சலராகத் தொழில் நடத்தக் கூடாது. வந்தவர் சொன்னதைக் காப்பது அவர்களின் தொழில் நெறி. அதை மனைவியிடமும் சொல்லக் கூடாது. உடன் வேலை செய்பவரிடம் கதையாகவும் பேசக் கூடாது. நல்ல ஆலோசகர் சந்தையில் உங்களைக் கண்டால், நீங்கள் முதலில் வணக்கம் சொல்லும்வரை தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

வாழ்க்கை வழிகாட்டி, தன்முனைப்புப் பயிற்சியாளர் என்று வருபவர்களுக்காக எழுதப்பட்டதல்ல இந்தச் சட்டம். ஆகவே, யாரிடம் போனாலும் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? அதை யார் படிப்பார்கள்? எந்தக் கட்டத்தில் பிறரிடம் சொல்வீர்கள்? இதற்குச் சினப்படுபவரிடம் மனத்தைத் திறக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு, "எக்காலத்திலும் சொல்லவே மாட்டேன்" என்பது சரியான பதிலல்ல. உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு குழந்தை வதைபடுகிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் வாய் திறந்தே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுபவரே நேர்மையானவர்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்த்து வந்தால், "என்னடி சொன்னாய்?" என்று குடையாதீர்கள். "மனசு கொஞ்சம் லேசாச்சா அம்மா?" என்று கேளுங்கள். தானே சொல்லும் நாள் வரும். ஆபத்து என்றால் ஆசிரியரே உங்களை அழைப்பார். மொழி தெரியாத பெரியவரை அழைத்துப் போகும்போது, மொழிபெயர்க்க அடுத்த வீட்டுக்காரரைக் கூட்டிப் போகாதீர்கள். ரகசியம் அவரோடு வீடு திரும்பிவிடும்.

முகம் காட்டவே கூசுகிறவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள், பேசுகிறவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023-இல் முடிவெடுத்தது. "சொன்னால் போலீஸ் வருமே" என்று அஞ்சி, சாக நினைக்கும் நினைப்பை மறைக்க இனிக் காரணமில்லை.

நம்பிக்கை ஒரே நாளில் விளைவதல்ல. ரப்பர்க் கன்றை நட்டு ஐந்தாறு ஆண்டு காத்திருந்துதானே பால் வெட்டினோம்! கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்பதும் நமக்குத் தெரியும். பிறர் நம்மை நம்பிச் சொன்னதையும் அந்தக் கவனத்தோடு காப்போம்.